முதுகுப் பக்கத்து வசனங்கள்

தமிழ்ப் படங்களில் பெண்களுக்குப் பேச ஒன்றுமில்லை என்று படித்தவர்களிடையே பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது தவறு. இந்தத் தவறு யாரால், எந்த நூற்றாண்டில் தொடங்கிவைக்கப்பட்டது என்று ஆராயப் புகுந்தால் காகிதம் போதாது என்பதால், தவறு என்பதை மட்டும் பதிவுசெய்துவிட்டு மேலே போகலாம். சாலிகிராமத்தில் ஸ்ரீவாணி அடுக்ககம் என்ற நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தவளும், இருபத்திரண்டு ஆண்டுகளில் தொண்ணூற்றொரு நாயகிகளுக்கு டப்பிங் குரல் கொடுத்தவளுமான மங்கையர்க்கரசி, நீல அட்டை நோட்டு ஒன்றில் எழுதிவைத்திருக்கும் குறிப்புகளின்படி, சராசரி நாயகி ஒரு படத்துக்கு ஆயிரத்து நூற்று நாற்பது சொற்கள் பேசுகிறாள். ஒரு நாட்டின் அரசியல் சட்டத்துக்கு முகவுரை எழுத இதில் பத்தில் ஒரு பங்கே அதிகம். அந்தச் சொற்களில் "விடுங்க" பதினேழு முறையும், "ஐயோ" பதினொரு முறையும், "சாப்டீங்களா" ஒன்பது முறையும், "என்னங்க" எண்ணி மாளாத முறையும் வருகின்றன என்பது வேறு விஷயம். கேள்வி, பேச்சு இருக்கிறதா இல்லையா என்பதுதான். இருக்கிறது.

மங்கையர்க்கரசி என்றால் பெண்களுக்கெல்லாம் அரசி என்று பொருள். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் அரசியை விட்டுவிட்டு மங்கை என்று மட்டும் கூப்பிட்டார்கள், அவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் வேலை நேரானது. இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் இருக்கும் பெண்ணின் உதடு அசையும்போது பேச வேண்டும், உதடு நிற்கும்போது நிறுத்த வேண்டும். திரையில் இருக்கும் பெண் பெரும்பாலும் வடக்கிலிருந்து விமானத்தில் வந்து, தமிழ் வசனத்துக்குப் பதிலாகத் தன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பிப் போயிருப்பாள். அவள் எண்ணிய முப்பத்தேழை மங்கை "உங்களை நம்பித்தானே வந்தேன்" என்று மாற்றுவாள். பேச்சு இல்லாத இடங்களுக்கு மூச்சு, விம்மல், வெட்கச் சிரிப்பு. மழையில் நனைந்தால் ஒரு சத்தம், நாயகன் அறைந்தால் இன்னொரு சத்தம்.

இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாயகி முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும்போது உதடு தெரியாது. ஆகவே அந்த முதுகுக்குள் எந்த வாக்கியத்தையும் வைத்துவிடலாம். கதையில் மறந்துபோனதையெல்லாம் இயக்குநர்கள் இப்படித்தான் ஒட்டவைப்பார்கள். "அண்ணன் நேத்தே ஊருக்குப் போயிட்டாரே" என்று முதுகு சொல்லிவிட்டால், அப்புறம் படம் முடியும்வரை யாரும் அண்ணனைத் தேட மாட்டார்கள். மங்கை தன் முதல் படத்திலேயே இந்த வசதியைத் தனக்காக எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க நாயகன் அறைகிறான், அந்த அறையில் நாயகிக்குக் காதல் பிறக்கிறது, கன்னத்தைத் தடவியபடி திரும்பி நடக்கிறாள். உதவி இயக்குநர் டீ குடிக்க எழுந்து போயிருந்தார், ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மங்கை அந்த முதுகுக்கு, மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவிலான ஒரு குரலில், ஒரு வாக்கியம் கொடுத்தாள்: "கை வலிச்சிருக்கும், போய்த் தைலம் தடவிக்கோ."

அதைக் கண்டுபிடித்தவன் தியாகேசன். அவன் மிக்ஸிங் பார்க்கிறவன். அதாவது வசனம், பாட்டு, வயலின், மழை, காலடிச் சத்தம், அறை என்று தனித்தனியாக வருவதையெல்லாம் ஒன்றாகக் கலந்து, எது மேலே கேட்க வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறவன். நாலாம் நாள் கேன்டீனில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மேடம், பஸ் ஸ்டாண்ட் சீன்ல பேப்பர்ல இல்லாத ஒரு டயலாக் இருக்குது."

மங்கை இட்லியைத் தட்டில் வைத்தாள். "தூக்கிட்டீங்களா?"

"எதுக்குத் தூக்கணும்? வயலினுக்கு அடியில படுக்க வச்சிருக்கேன். காது இருக்கிறவங்களுக்குக் கேட்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு அவளைவிட உயரம் குறைவு, ஜாதகம் எட்டுப் பொருத்தம்தான், அவன் அம்மா இன்றுவரை அவளை "டப்பிங்" என்றுதான் மற்றவர்களிடம் குறிப்பிடுகிறாள். இதெல்லாம் அந்த வாக்கியத்தின் முன்னால் நிற்கவில்லை.

அதற்குப் பின் ஒவ்வொரு படத்திலும் ஒரு முதுகு, ஒவ்வொரு முதுகுக்கும் ஒரு வாக்கியம். ஆறு நண்பர்களோடு பின்னாலேயே பாடிக்கொண்டு வந்த நாயகனிடமிருந்து திரும்பி நடந்த ஒன்பதாம் படத்து முதுகு, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, உங்க ஏழு பேருக்கும் வேலையே இல்லையா?" என்றது. கல்யாணம் முடிந்து சமையலறைக்குப் போன இருபத்துமூன்றாம் படத்து டாக்டரின் முதுகு, "ஸ்டெதஸ்கோப் பீரோவுல மேல் தட்டுல இருக்கு" என்றது. முப்பத்தேழாம் படத்தில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, ஒருத்தியைக் கெடுத்தவனே அவளுக்குத் தாலி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல, ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ள, அவள் அவனை நோக்கிப் பதினொரு அடி நடக்கிறாள். பதினொரு அடியும் முதுகுதான். அதற்கு மங்கை இரண்டே சொற்கள் கொடுத்தாள்: "எனக்குச் சம்மதமில்ல."

தான் பேசிய படங்களை அவள் பார்ப்பதில்லை. தன் குரல் இன்னொருத்தி வாயிலிருந்து வருவதைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும்; தொழிலில் பலருக்கு இப்படித்தான். டி.வி.யில் வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். தியாகேசன்தான் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான். "இருக்கு மங்கை. நல்லா இருக்கு." முப்பத்தேழாம் படத்தை அவன் தன் அக்கா ஊரான தேனியில் பார்த்தான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னான்: "மூணாவது வரிசையில ஒரு பொம்பள, கடுகு கலர் புடவை. நீ சொன்னதும் யாரு பேசுறதுன்னு டக்குனு பின்னால திரும்பிப் பார்த்துச்சு மங்கை."

அந்தக் கடுகு நிறப் புடவையை வைத்துக்கொண்டு மங்கை பதினான்கு ஆண்டுகள் "விடுங்க" சொன்னாள்.

பிறகு ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரைக் காட்சி தொடங்கிய வேளையில், அவள் குரல் எல்லாப் படங்களையும் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. தியேட்டரிலோ டி.வி.யிலோ, எங்கே எந்தப் படம் ஓடினாலும் அங்கே நாயகியின் உதடு அசைந்தது. குரல் சாலிகிராமத்தில், மங்கை வீட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, சராசரி நாயகியின் உயரத்தில், அதாவது சராசரி நாயகனின் தோளுக்குச் சற்றுக் கீழே, வெறும் காற்றிலிருந்து கேட்டது. இசை வரவில்லை, நாயகன் வரவில்லை, மழையும் அறையும் வரவில்லை. மங்கை பேசியது மட்டும், பேசியபடியே, மூச்சோடு வந்தது. பல இடங்களில் ஓடினாலும் குரல் ஒன்றாகவே கேட்டது; பழைய படம் குறுக்கே வந்தால் புதியது வழிவிட்டது. மங்கையும் அப்போது தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாயில் இருந்த குரல் அவளிடமே இருந்தது. "ஏய், யார்னு நினைச்ச என்னை?" என்று தன் தலைக்கு மேல் அன்று வெளியான தொண்ணூற்றோராம் படத்தின் நாயகி அறிமுகக் காட்சி கேட்டபோது, அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு?" என்று கேட்டாள். "கலெக்டர் பொண்ணு!" என்றது காற்று.

அடுக்ககச் செயலாளர் பொன்னுரங்கம் மறுநாள் வந்தார்.

"மேடம், டி.வி. வால்யூம் கொஞ்சம்."

மங்கை டி.வி.யின் பிளக் கழன்று தொங்குவதைக் காட்டினாள். "ஐயோ, யாராவது காப்பாத்துங்க" என்றது காற்று. பொன்னுரங்கம் பிளக்கைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர் என்பதால் புகார்ப் புத்தகத்தில் 'டி.வி. சத்தம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'இதர சத்தம்' என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் அடுக்ககம் பழகிவிட்டது. முதல் "விடுங்க" காலைக் காட்சியில் பதினொன்று ஐம்பதுக்கு வருவதால் அதைக் கேட்டுத் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். மதியக் காட்சியின் இடைவேளை மௌனத்தில் எதிர்வீட்டு எஸ்தர் டீச்சர் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு எஸ்தர் டீச்சரும், கீழ்த்தளத்தில் ஜாக்கெட் தைக்கிற ஷாகிதாவும், ஆளுக்கொரு வேலையை மடியில் வைத்துக்கொண்டு மங்கை வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் காதில் விழும் போன் பேச்சு மாதிரி இருந்ததால், மறுபக்கத்தை ஊகிப்பது நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

"சாரி. சாரிங்க. ப்ளீஸ், சாரி" என்றது காற்று.

"என்னாத்துக்குக்கா இது சாரி கேட்குது?" என்றாள் ஷாகிதா, பல்லில் நூலைக் கடித்தபடி.

"பேரை இன்னொருத்தன் கூட சேர்த்து ஊர்ல பேசிட்டாங்களாம்" என்றாள் மங்கை.

"அவன் பேரையா, இவ பேரையா?"

"இவ பேரைத்தான்."

"இவ பேரைச் சேர்த்துப் பேசினதுக்கு இவளே சாரியா? நல்லா இருக்குதே."

"வலிக்குதா? சாப்டீங்களா? பார்த்துப் போங்க" என்றது காற்று. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற எஸ்தர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். "ஏன் மங்கை, இந்தப் பொண்ணு கலெக்டர் மகளா, நர்ஸா? மூணு நாளா கேட்கிறேன், அவன் டெம்பரேச்சர் மட்டும்தான் எடுக்கல."

மங்கையும் சிரித்தாள். ஆனால் அவள் காது சிரிப்பில் இல்லை. வந்த முதல் நாளே அவளுக்கு ஒன்று உறைத்திருந்தது: குரல் இசை இல்லாமல் வருகிறது. வயலினுக்கு அடியில் இருபத்திரண்டு வருடமாகப் படுத்திருந்தவையும் இனி எழுந்து வரும். தன்னுடையவை என்று அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த தொண்ணூற்றொரு வாக்கியங்களை அவள் முதல்முறையாக வெளியிலிருந்து கேட்கப்போகிறாள். நீல நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் டிக் போட ஒரு கட்டம் வரைந்தாள். ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாது என்பதற்காகப் பிரஷர் குக்கரில் விசில் வைப்பதை நிறுத்தினாள், குழாயைத் துணி கட்டித் திறந்தாள், மிக்ஸியை உறை போட்டு அலமாரியில் ஏற்றினாள். வீட்டில் சட்னி நின்றது.

"பொடியும் எண்ணெயும் எத்தனை நாளைக்கு மங்கை?" என்றான் தியாகேசன், தோசையை மடித்தபடி.

"என் டயலாக் வர வரைக்கும்."

"எந்த டயலாக்?"

"என்னுது."

தியாகேசன் தோசையைப் பார்த்துக்கொண்டே, "மெதுவாத்தான் பேசியிருப்ப. கேட்குமோ கேட்காதோ" என்றான்.

முதல் படம் பத்தாம் நாள் வந்தது. ஏதோ ஒரு சேனலில் மதியம் போட்டிருந்தார்கள். அறை வாங்கும்போது அவள் எழுப்பிய சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் மூச்சு, பிறகு பாட்டுக்கு முந்தைய வெட்கச் சிரிப்பு. மங்கை கட்டத்தை டிக் செய்யாமல் விட்டாள். முதல் முயற்சி, பயத்தில் மிகவும் மெதுவாகப் பேசியிருப்பேன் என்று நினைத்தாள். ஒன்பதாம் படம் வந்தபோது தெருவில் கேஸ் சிலிண்டர்காரர் தட்டிக்கொண்டு போனார். அந்தச் சத்தத்தில் போயிருக்கும். இருபத்துமூன்றாம் படம் வந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. டாக்டர் சமையலறைக்குப் போனாள், பீரோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வந்து "காபியில சக்கரை சரியா இருக்குங்களா?" என்றாள்.

இதற்கிடையில் தியேட்டர்களில் என்ன நடந்தது என்று கேட்கலாம். ஒன்றும் நடக்கவில்லை. தொண்ணூற்றோராம் படம் நூற்றறுபது அரங்குகளில், நாயகி ஒரு வார்த்தை பேசாமல், நல்ல கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகை விமர்சகர், நாயகி கண்களாலேயே பேசுகிறார், வாழ்த்துகள் என்று எழுதினார். மங்கை இதை நம்பாமல், தன் வழக்கத்தை மீறி, ஷாகிதாவைக் கூட்டிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்குப் போனாள். கோயில் காட்சியில் அந்தப் பெண் மூன்று நிமிடம் வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே இல்லை, வயலின்தான் பொங்கியது. முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். நாயகன், "இதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று பதில் சொன்னதும் அரங்கமே கைதட்டியது.

இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரரிடம் மங்கை கேட்டாள். அவர் சமோசாவை இரண்டாகப் பிட்டுக்கொண்டிருந்தார், பார்த்தால் விவரமான மனிதராகத்தான் தெரிந்தார்.

"சார், கோயில்ல அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"சாரி கேட்டுச்சு."

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்காம? இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் வச்சிருக்கான்."

"என்ன வார்த்தை சொல்லிக் கேட்டுச்சு?"

அவர் யோசித்தார். சமோசாவின் ஒரு பாதியைத் தின்று முடிக்கும்வரை யோசித்தார். "வார்த்தை என்னங்க வார்த்தை. அந்தப் பொண்ணு அந்த இடத்துல வேற என்ன சொல்லப் போவுது?"

வெளியே வந்ததும் ஷாகிதா, "சுத்தமான ஊமைப் படம்கா. ஒருத்தனும் எந்திரிக்கல" என்றாள். மங்கை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் ஆயிரத்து நூற்று நாற்பது சொற்களும் போனால் போகட்டும், அவை எழுதிக் கொடுத்தவர்களுடையவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிச்சம் இருப்பது இரண்டு சொற்கள், பதினொரு அடி, ஒரு கடுகு நிறப் புடவை. முப்பத்தேழாம் படம் இன்னும் வரவில்லை.

அந்த வாரம்தான் அடுக்ககத்தில் இன்னொன்று நடந்தது. "காப்பாத்துங்க" என்று குரல் வந்த முதல் மூன்று நாளும் கம்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறி ஓடிவந்த வாட்ச்மேன் பெரியநாயகம், நாலாம் நாளிலிருந்து கீழேயிருந்தே, "படமா, நெசமாம்மா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்; மங்கை "படம்தான்" என்று குரல் கொடுப்பாள். வியாழக்கிழமை மதியம் அவள் காய்கறிக் கடையில் இருந்தாள். நாலாம் மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த வீட்டிலிருந்து ஒரு பெண், "விடுங்க, விடுங்க, கை" என்று நிஜமாகவே கத்தினாள். இரண்டாம் மாடிக் காற்றும் அதே நேரம் "விடுங்க" என்றது. பெரியநாயகம் நிமிர்ந்து பார்த்தார், மதியக் காட்சி என்று மணியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார், நாற்காலியில் சாய்ந்தார். மறுநாள் அந்தப் பெண் கையில் கட்டுடன் இறங்கி வந்து தன் அப்பாவின் காரில் ஏறினாள். அடுக்ககச் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, ஒன்றரை மணி நேரம் விவாதித்து, நிஜமாகக் கத்துகிறவர்கள் வீட்டு எண்ணையும் சேர்த்துக் கத்த வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியது. மங்கை லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினாள். "விடுங்க" என்பதை எப்படிச் சொன்னால் கேட்கிறவர் பதற மாட்டார், கொஞ்சம் ரசிக்கவும் செய்வார் என்பதை இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்த தொண்டை அவளுடையது.

முப்பத்தேழாம் படம் திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வந்தது. முதல் வசனத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள். அன்று டீச்சரோடு சீக்கிரமே வந்திருந்த ஷாகிதாவின் கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். எஸ்தர் டீச்சர் ஜெபத்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தாள்.

மூன்றரை மணிக்குப் பஞ்சாயத்துக் காட்சி வந்தது. காற்று விம்மியது. காற்று, "உங்க எல்லார் காலையும் தொட்டுக் கேட்கிறேன்" என்றது. பிறகு நடக்கத் தொடங்கியது. கொலுசு வரவில்லை, அது வேறொருவர் போட்ட சத்தம். மூச்சு மட்டும் வந்தது. மங்கை விரல்களை மடித்து அடிகளை எண்ணினாள். நாலாம் அடிக்கும் ஐந்தாம் அடிக்கும் நடுவில் அந்த இரண்டு சொற்கள். நாலு. மூச்சு. ஐந்து. ஆறாம் அடியில் அவள் விரல் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் பதினொன்றுவரை நடந்து போய், அங்கே தலையைக் குனிந்தது. அதற்கடுத்த காட்சியில், "என்னங்க, எழுந்திருங்க, விடிஞ்சிடுச்சு" என்று சந்தோஷமாகக் கேட்டது.

"ஷாகிதா, நடுவுல ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லியேக்கா. வெறும் மூச்சு."

"டீச்சர்?"

எஸ்தர் டீச்சர் மெல்லத் தலையாட்டினாள். "அந்த இடத்துல ஏதோ இருந்து எடுத்த மாதிரி இருக்கு மங்கை. மூச்சு ஒரு இடத்துல வெட்டி ஒட்டியிருக்கு."

படத்தில் இருந்த எல்லாம் வீட்டுக்கு வந்திருந்தன. வராதவை படத்தில் இருந்ததில்லை. மங்கை நீல நோட்டை மூடினாள்.

தியாகேசன் ஆறரைக்கு வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே அவள் கேட்டாள்.

"முதல் படத்துலயும் தூக்கிட்டீங்களா?"

அவன் எந்த முதல் படம் என்று கேட்கவில்லை. ஒரு செருப்போடு நின்றான்.

"புது ஆளு மங்கை நான் அப்போ. டைரக்டர் காதுல விழுந்தா என் வேலை போயிருக்கும்."

"கேன்டீன்ல வந்து உக்காந்து சொன்னீங்களே."

"உன்கிட்ட பேச வேற என்ன இருந்துச்சு எனக்கு?"

"அப்புறம் தொண்ணூறு படம்?"

"ஒண்ணை இருக்குன்னு சொல்லிட்டேன். அடுத்ததை எப்படி இல்லைன்னு சொல்றது?" அவன் குரல் நியாயமானவனின் குரலாக இருந்தது, இத்தனை வருடம் எல்லாவற்றையும் அளவாகக் கலந்தவனின் குரல். "நீ சந்தோஷமா இருந்தியே மங்கை. ஒவ்வொரு படம் முடிஞ்சும் உன் முகத்தைப் பார்த்திருக்கேன். யாருக்கு என்ன நஷ்டம்? இப்பவும் பாரு, உன் குரல் மொத்தமும் போச்சு, முதல் நாளே புரொட்யூசர் போன் பண்ணினார், போய் வயலினை ரெண்டு புள்ளி ஏத்திட்டு வந்தேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கல. கூட்டம் குறையல."

"நீங்கதான் ஏத்தினதா?"

"வேற யாரு ஏத்துவா?"

அந்த வயலினைத் தியேட்டரில் கேட்டபோதே அவளுக்கு ஏதோ பழகிய வாசனை மாதிரி இருந்தது. இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமலேயே இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

"தேனி?" என்றாள்.

தியாகேசன் இரண்டாவது செருப்பின் வாரைத் தளர்த்தினான்.

"தேனியில கடுகு கலர் புடவை. அதுவும் பொய்யா?"

"இல்ல மங்கை. சத்தியமா. அந்தப் பொம்பள திரும்பிப் பார்த்துச்சு." அவன் இரண்டாவது செருப்பைக் கழற்றி, முதல் செருப்போடு சேர்த்து நேராக வைத்தான். "பின்னால ஒரு குழந்தை அழுதுச்சு."

காற்று அப்போது மாலைக் காட்சியின் "சாப்டீங்களா"வைச் சொன்னது.

"மங்கை, நான் சொல்றத ஒரு நிமிஷம் கே..."

மங்கை அலமாரியிலிருந்து மிக்ஸியை இறக்கினாள். உறையை எடுத்து மடித்து வைத்தாள். ஜாரில் இரண்டு சில் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் போட்டு, பிளக்கைச் செருகி, மூன்றாம் எண்ணில் திருப்பினாள். தியாகேசனின் உதடு அசைந்தது. அவள் அதை, தொழில்முறையில், கடைசிவரை பார்த்தாள். உதடு நின்றதும் நிறுத்தினாள். உதடு மறுபடி அசைந்ததும் மறுபடி திருப்பினாள்.

தொண்ணூற்றிரண்டாம் படத்துக்கு அவள் போகவில்லை. தயாரிப்பாளர் வேறு ஆளைத் தேடவும் இல்லை; படம் ஆவணியில் வெளியாகி நன்றாக ஓடியது. பழைய குரல்கள் காட்சி நேரங்களில் வந்துகொண்டிருந்தன, அடுக்ககம் அவற்றைக் கேட்டு மோட்டார் போட்டுக்கொண்டிருந்தது. தியாகேசன் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து "மங்கை" என்று தொடங்குவான், மிக்ஸி ஓடும். மதியம் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறப்பான், மிக்ஸி ஓடும். சத்த அளவுகளில் தேர்ந்தவன் என்பதால் ஒருமுறை மிக்ஸியைவிட இரண்டு புள்ளி மேலே பேசிப் பார்த்தான், அவள் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைச் சேர்த்துப் போட்டாள்.

புரட்டாசியில் ஷாகிதா கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தபோது, இவ்வளவு நைஸான தேங்காய்ச் சட்னியை இந்தத் தெருவிலேயே யாரும் அரைப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.